ஆக்டிவ் லிசனிங் படித்த சூப்பர்வைசர்

ஒரு நல்ல குணத்துக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று தெரிந்துகொண்ட அன்றைக்கே அந்தக் குணம் தமக்கு வந்துவிட்டதாக நம்பிவிடுகிற ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. வாலோ கொம்போ கிடையாது. பார்வைக்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார்கள். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா, அதில் ஒன்று எழுதாது. பொறுமை என்று ஒன்று உலகத்தில் இருப்பது நாற்பது வருஷமாக அவர்கள் கண்ணில் பட்டிருக்காது. அதையே ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்து 'பேஷன்ஸ்' என்று போர்டில் எழுதி அடிக்கோடு போட்டுவிட்டால் போதும், மறுநாள் டவுன்பஸ்ஸில் தங்கள் காலை மிதித்தவரைப் பார்த்துப் புன்னகை செய்வார்கள். மறுநாள் மட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்தில் கோயமுத்தூரில் இந்த இனம் கன்னாபின்னாவென்று பெருகியது. பம்ப் செய்கிறவர், கிரைண்டர் செய்கிறவர், பல்சக்கரம் வெட்டுகிறவர் என்று எல்லாருக்கும் ஐஎஸ்ஓ சர்டிபிகேட் ஆசை பிடித்திருந்த காலம் அது. சர்டிபிகேட் வேண்டுமானால் மிஷின் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதாதாம், மனுஷர்களும் ஒழுங்காகப் பேசிக்கொள்ள வேண்டுமாம். நம் ஊரில் பேச்சுக்கு என்ன குறை? ஆளைத் திட்டுவதென்றாலும் கடைசியில் ஒரு 'ங்க' போட்டுத் திட்டுகிற ஊர் இது. ஆனாலும் பெங்களூரிலிருந்து ட்ரெய்னர்கள் வந்து இறங்கினார்கள், நமக்குப் பேசக் கற்றுக்கொடுக்க.

நம் சீனிவாசலுவை அப்படித்தான் அந்த இனம் சேர்த்துக்கொண்டது.

பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் வைண்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் அவர். செம்புக் கம்பியை மிஷினில் காயிலாகச் சுற்றி மோட்டாருக்குள் இறக்குகிற பகுதி அது. வயது நாற்பத்து மூன்று. வீடு சிங்காநல்லூர். வீட்டில் பேசுவது பாதி தெலுங்கு, பாதி கொங்குத் தமிழ் (நான் முழுக்கத் தமிழிலேயே தந்துவிடுகிறேன், பயப்படாதீர்கள்). மோட்டாரைப் பற்றி அவருக்குத் தெரியாதது குறைவு. ஆனால் அசிஸ்டென்ட் மேனேஜர் நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. "மோட்டார் தெரிஞ்சா பத்தாதய்யா, ஆளுகள ஹேண்டில் பண்ணத் தெரியோணும். அதுவும் இங்கிலீஷ்ல தெரியோணும்" என்று ஒர்க்ஸ் மேனேஜர் வரதராஜுலு ஒரு நாள் சொல்லி வைத்தார். அன்றிலிருந்து சீனிவாசலுவுக்கு ராத்தூக்கம் குறைந்தது.

சனிக்கிழமைதோறும் சாயங்காலம் கேன்டீன் மாடியில் வகுப்பு. முதல் நாளே ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் 'இன்டர்பெர்சனல் ஸ்கில்ஸ்'. கீழே அறுபது சொற்கள். ஆந்திரப் பக்கத்து உறவினர் பிள்ளைகள் 'இன்டர்' படிப்பதைக் கேட்டுப் பழகிய சீனிவாசலு, பெர்சனல் என்கிற படிப்பில் இது ப்ளஸ் டூ மாதிரி போலிருக்கிறது, பாஸ் செய்தால் டிகிரிக்கு அனுப்புவார்கள் என்று இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தார். இதை வெளியில் சொன்னது யார் என்கிறீர்களா? அவரேதான். தம்மைப் பற்றிப் பேசும்போது பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி வம்பு பேசுகிற மாதிரி ரசித்துப் பேசுவார். அதே வகுப்பில் அவருக்குப் பின்வரிசையில் இதை எழுதுகிறவனும் உட்கார்ந்திருந்தான் என்பதையும் இப்போதே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். என்னுடைய நோட்டு அவருடையதைவிடச் சுத்தமாக இருக்கும்.

அறுபது சொற்களையும் அவர் ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோனார். சிலர் கடலைப் பொட்டலம் வாங்கிப் போவதைப் போல.

மனம் ஒட்டிப் பழகுவதற்குப் பெயரான 'ராப்போ' அவரை முதலில் ஏமாற்றியது. ஒரு வாரம் முழுக்க 'ராப்போர்ட், ராப்போர்ட்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். கடைசி எழுத்தை உச்சரிக்கக் கூடாது என்று ட்ரெய்னர் திருத்தியபோது மனசு விட்டுப்போனது. வேலையே செய்யாத ஓர் எழுத்துக்கு வருகைப் பதிவேட்டில் எதற்குப் பெயர்? ஆனால் 'எம்பதி' அவரை ஆட்கொண்டது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து மனைவி வெங்கடலட்சுமிக்கு விளக்கினார்.

"சிம்பதின்னா ஐயோ பாவம்னு நினைக்கறது. எம்பதி அப்படி இல்ல லட்சுமி. அவங்க செருப்புக்குள்ள நாம நிக்கறது."

"அவங்க செருப்ப நீங்க எதுக்குங்க போட்டுக்கறீங்க? அப்புறம் அவங்க வெறுங்கால்லயா நிப்பாங்க?"

சீனிவாசலு யோசித்தார். ட்ரெய்னர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தரவில்லை.

அடுத்த வாரம் 'கன்ஸ்ட்ரக்டிவ் ஃபீட்பேக்'. குறை சொல்ல வேண்டுமானால் முன்னால் ஒரு பாராட்டு, பின்னால் ஒரு பாராட்டு, நடுவில் குறையை வைத்து சாண்ட்விச் மாதிரி கொடுக்க வேண்டும். சீனிவாசலு அன்று ராத்திரியே வீட்டில் அரங்கேற்றினார். "ரசம் நல்ல நிறம். உப்பு இல்ல. டம்ளர் ரொம்ப சுத்தமா இருக்குது." மறுநாள் டம்ளர் மட்டும் வந்தது.

இப்படியாக, வாய்க்கு வந்த சொல் எதுவும் கைக்கு வந்து சேராமல் இரண்டு மாதம் ஓடியது. யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. பேக்கரியில் டீ ஆறியிருந்தால் 'அசர்ட்டிவ்' ஆக, அதாவது உறுதியாக, போய் நின்று, கடைக்காரர் நிமிர்ந்து பார்த்ததும் இன்னொரு தேங்காய் பன் வாங்கிக்கொண்டு திரும்பினார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்ததுதான் வினை. ஏப்ரல் மாதத்து மூன்றாவது சனிக்கிழமை ட்ரெய்னர் போர்டில் 'ஆக்டிவ் லிசனிங்' என்று எழுதினார்.

கேட்பதற்கு ஒரு கோர்ஸா என்று நீங்கள் சிரிக்கலாம். சீனிவாசலு சிரிக்கவில்லை. நான்கு விதிகளையும் எழுதிக்கொண்டார். சொல்கிறவர் கண்ணைப் பார்க்க வேண்டும். லேசாக முன்னால் சாய வேண்டும். தலையாட்ட வேண்டும், ஆனால் தஞ்சாவூர் பொம்மை மாதிரி ஓயாமல் ஆட்டக் கூடாது, மூன்று தடவை போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'ஆக, நீங்கள் சொல்ல வருவது என்னவென்றால்' என்று ஆரம்பித்து, அவர் சொன்னதை நம் வாயால் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். நான்கு நாள் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகினார். கண்ணாடியும் அதே மாதிரி சாய்ந்து தலையாட்டியது. இதற்குமேல் ஒரு மனுஷனுக்கு என்ன தைரியம் வேண்டும்?

அந்த வியாழக்கிழமை யூனுஸ் வந்தார்.

யூனுஸ் பாய் கோட்டைமேட்டுக்காரர். வைண்டிங்கில் இருபத்திரண்டு வருஷம். மிஷினில் கம்பி எத்தனை சுற்று ஓடியிருக்கிறது என்பதைக் கவுண்டர் என்கிற சின்ன எண் மீட்டர் காட்டும், ஆனால் அவருக்கு அது தேவையில்லை, காதாலேயே எண்ணிவிடுவார். அதிகம் பேசாத மனுஷன். அப்படிப்பட்டவர் தாமாகவே சூப்பர்வைசர் மேஜைக்கு வந்து நின்றால் விஷயம் இல்லாமல் இருக்காது.

"சார், ஒரு நிமிசமுங்க."

சீனிவாசலுவுக்கு உள்ளுக்குள் ஒரு குதி. முதல் ஆள்! ஃபைலை மூடினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். முன்னால் சாய்ந்தார்.

"சொல்லுங்க பாய்."

"ரெண்டாம் மிசினு கவுண்டரு தாவுதுங்க. அம்பது சுத்து ஓடுனா அம்பத்தி நாலுன்னு காட்டுது. நான் அத நம்பாம கைக்கணக்குல ஓட்டிக்கிட்டிருக்கேனுங்க."

ஒரு தலையாட்டல்.

"நாளைக்கும் நாளான்னிக்கும் நான் லீவுங்க. உடுமலைப்பேட்டைல தங்கச்சி மகளுக்கு நிக்காஹ்."

இரண்டாவது தலையாட்டல். கண் யூனுஸின் கண்ணைவிட்டு அசையவில்லை.

"நான் வர்ற வரைக்கும் அதுல வேற யாரையும் உக்கார வெச்சுப்போடாதீங்க. கவுண்டர மாத்துற வரைக்கும் மிசினு நின்னே இருக்கட்டுமுங்க."

மூன்றாவது தலையாட்டல், கொஞ்சம் ஆழமாக. இதோ வந்துவிட்டது, திருப்பிச் சொல்ல வேண்டிய இடம்.

"ஆக பாய், நீங்க சொல்ல வர்றது என்னன்னா, ரெண்டாம் மிஷின் கவுண்டர் தாவுது. நீங்க வர்ற வரைக்கும் அதுல யாரும் உக்காரக் கூடாது. கரெக்டா?"

"கரெக்டுங்க."

"அதுல உங்களுக்கு ஒரு கன்சர்ன் இருக்குது."

"கன்சர்ன் இல்லீங்க சார். கவுண்டருதானுங்க."

"உங்க ஃபீலிங்ஸ நான் ரெஸ்பெக்ட் பண்றேன் பாய். போயிட்டு வாங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் எந்த சூப்பர்வைசரும் யூனுஸை இவ்வளவு நேரம் கண்ணோடு கண் பார்த்ததில்லை. வெளியே வந்தவர், மோட்டாருக்குள் காயில் இறக்குகிற சுப்பாத்தாளிடம் தாழ்ந்த குரலில், "ஏனுங்கம்மா, சாருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

உள்ளே சீனிவாசலு தமக்குத் தாமே பத்துக்கு ஒன்பது மார்க் போட்டுக்கொண்டிருந்தார். சாய்ந்தது அரை அங்குலம் அதிகம், அதற்கு ஒரு மார்க் குறைவு. யூனுஸ் சொன்ன சேதி? அது அவர் வாய் வழியாக வெளியே போயிருந்தது. காது வழியாக உள்ளே வந்திருக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்த வெங்கடலட்சுமியை எதிரில் உட்கார வைத்து முழுக்காட்சியையும் நடித்துக் காட்டினார். கையைக் கட்டிக்கொண்டு யூனுஸாக நின்றார். நாற்காலிக்கு ஓடிப்போய் சீனிவாசலுவாகச் சாய்ந்தார். மறுபடி எழுந்து யூனுஸானார். "ரெண்டாம் மிசினு கவுண்டரு தாவுதுங்க" என்று பாயின் குரலிலேயே சொன்னார்.

"எந்தக் கவுண்டருங்க? அந்த வயசுல எதுக்குத் தாவுறாரு?"

"ஆள் இல்ல லட்சுமி. சுத்து எண்ணுற மீட்டரு."

"ஓ. அப்ப அத மாத்தச் சொல்லியாச்சுங்களா?"

"மீட்டர விடு. நான் திருப்பிச் சொன்ன விதத்தப் பாரு. அதுதான் மெத்தடு."

வெங்கடலட்சுமி மெத்தடைப் பார்த்தாள். பிறகு அவரைக்காயைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, தாராபுரத்து டீலருக்கு மோட்டார்களை அவசரமாகக் கொடுத்தாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. சித்திரை வெயில். அமராவதி ஆற்றில் தண்ணீர் இல்லை, கிணற்றையும் போர்வெல்லையும் நம்பித்தான் பயிர் நிற்கிறது. சீனிவாசலு செக்‌ஷனுக்குள் நடந்தார். ஒரு மிஷின் சும்மா நிற்பது கண்ணில் பட்டது. எதற்கு நிற்கிறது என்று ஒரு கணம்கூட யோசிக்காமல் சுப்பாத்தாளைக் கூப்பிட்டார். பட்டியலில் பதினெட்டாவது சொல் 'டெலிகேஷன்', வேலையைப் பிறர் கையில் ஒப்படைப்பது.

"ஏனுங் சார், இது பாய் ஓட்டற மிசினாச்சுங்களே? எனக்கு அவ்வளவா பழக்கமில்லீங்க."

"உங்க பொட்டன்ஷியல் உங்களுக்கே தெரியலைங்கம்மா. கவுண்டர் அம்பது காட்டினா நிறுத்துங்க. அவ்வளவுதான்."

பாவம், அந்த அம்மாள் சொன்னபடியே செய்தாள். இரண்டு நாளும் அந்த மிஷினில்தான் இருந்தாள். கவுண்டர் ஐம்பது காட்டும்போதெல்லாம் நிறுத்தினாள். நிஜத்தில் அது நாற்பத்தாறோ நாற்பத்தேழோ.

திங்கட்கிழமை டெஸ்ட் பெஞ்சில் மோட்டார்கள் ஒவ்வொன்றாக ஏறின. சுற்று குறைந்த மோட்டார் மின்சாரத்தை அளவுக்கு மீறி இழுக்கும், சீக்கிரத்தில் சூடாகும், விட்டால் எரிந்தே போகும். முதல் மோட்டாரில் ஆம்பியர் முள் எகிறியது. இரண்டாவதிலும் எகிறியது. மத்தியானத்துக்குள் அறுபத்து நாலு மோட்டார்களில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டாகிவிட்டது. அத்தனையின் வயிற்றையும் அறுத்துக் கம்பியை வெளியே எடுத்து மறுபடி கட்ட வேண்டும். தாராபுரத்திலிருந்து வந்த லாரி வாசலில் நின்று பார்த்துவிட்டுக் காலியாகத் திரும்பியது. லாரியோடு வந்த டீலர் கத்தவில்லை. "பத்து நாளுன்னா தென்ன தாங்கிருமுங்க. வாழதான் தாங்காது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிப்போனார்.

வரதராஜுலு சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் கேட்டார். சீனிவாசலு எழுதினார். இரண்டே வரி. நடுவில் 'கம்யூனிகேஷன் கேப்' என்று வந்தது.

இந்தச் சொல்லின் அழகை நீங்கள் நின்று கவனிக்க வேண்டும். கேப் என்றால் இடைவெளி. அதை வெட்டியவர் யார், விழுந்தவர் யார் என்று எழுத வேண்டியதே இல்லை. அது யார் மேலும் பழி போடாத சொல். ஆனால் பழி என்பது அந்தரத்தில் நிற்காது அல்லவா? மெதுவாகக் கீழே இறங்கும். எல்லாருக்கும் கீழே இருக்கிறவர் தலையில் போய் உட்காரும்.

"அந்த மிஷின் யாருது?" என்றார் வரதராஜுலு.

"யூனுஸ் பாயுதுங்க சார்."

"ரிப்பேருன்னு உங்ககிட்டச் சொன்னானா?"

"எனக்கு அப்படி ஞாபகமில்லைங்க சார்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் பயங்கரம். வியாழக்கிழமையை நினைத்துப் பார்த்தார். சாய்ந்தது ஞாபகம் இருந்தது. மூன்று தலையாட்டலும் ஞாபகம் இருந்தது. பாயின் இடது கண்ணோரம் இருந்த மச்சம்கூட ஞாபகம் இருந்தது. மற்றதெல்லாம் வெறும் புகை.

மிஷினின் பழுதை மறைத்ததற்கு விளக்கம் தர வேண்டும், தரும்வரை வேலைக்கு வரக் கூடாது என்று யூனுஸுக்கு மெமோ வந்தது. இங்கிலீஷில். அதை எடுத்துக்கொண்டு அவர் நேராக சீனிவாசலுவின் மேஜைக்குத்தான் வந்தார். கையில் நிக்காஹ் வீட்டு இனிப்புப் பொட்டலமும் இருந்தது, காலையிலேயே செக்‌ஷனுக்கென்று கொண்டுவந்தது.

"இதுல என்னங்க எழுதியிருக்குது சார்? படிச்சுச் சொல்லுங்க."

சீனிவாசலு படித்துச் சொன்னார். வேறு வழி? ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, அவருடைய குரலே அவருக்கு அந்நியமாக இருந்தது.

"நான் சொன்னனுங்களே சார். வியாழக்கெழம. இதே எடத்துல."

"பாய்..."

"நீங்களும் திருப்பிச் சொன்னீங்க. கரெக்டான்னு வேற கேட்டீங்க. நானும் கரெக்டுன்னேன்."

சீனிவாசலு மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டால் நம் இனம் என்ன செய்யும்? சொல்லைத் தேடும். நாற்பத்தொன்றாவது, 'கான்ஃப்ளிக்ட் ரெசல்யூஷன்'. எதிராளியின் உணர்ச்சிக்கு முதலில் பெயர் கொடுக்க வேண்டும்.

"நீங்க கோபமா இருக்கீங்கன்னு எனக்குப் புரியுது பாய்."

"கோவமெல்லாம் இல்லீங்க சார். சொன்னேன்னு சொல்லறேன். அவ்வளவுதானுங்க."

மெமோவை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இனிப்புப் பொட்டலத்தை மேஜையில் வைத்தார். டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார். மிஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் செக்‌ஷனில் சுப்பாத்தாள் எழுந்து நின்று அவர் போவதையே பார்த்தாள்.

அன்றைக்கு வீட்டில் சீனிவாசலு முறையிட்டார். இருபத்திரண்டு வருஷ ஆள், நல்ல மனுஷன், சொல்லாததைச் சொன்னேன் என்று சாதிக்கிறாரே, மனுஷ மனசைப் புரிந்துகொள்ளவே முடியவில்லையே என்று நீட்டி முழக்கினார். வெங்கடலட்சுமி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அந்தத் தாவுற கவுண்டருங்களா?"

சீனிவாசலு நிமிர்ந்தார்.

"நீங்கதானுங்க அன்னிக்கு கையக் கட்டிக்கிட்டு அங்க நின்னு, பாயாட்டமே பேசிக் காட்டுனீங்க. நான் வர்ற வரைக்கும் யாரையும் உக்கார வெக்காதீங்கன்னு அவரு சொன்னாருன்னு நீங்கதான சொன்னீங்க? மாத்தச் சொல்லியாச்சான்னு நானும் கேட்டேன். மீட்டர விடுன்னீங்க."

மடித்த துணியை அவள் அடுக்கி வைத்தாள்.

"வெறுமனே திருப்பிச் சொல்லறதுக்கு ஒரு கிளி வளத்தியிருக்கலாமுங்க. அதுன்னா ஒரு கொய்யாப்பழத்தோட போயிருக்கும்."

சீனிவாசலு தலையாட்டவில்லை. சாயவில்லை. அவள் கண்ணைப் பார்க்கத் தெம்பில்லாமல் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதத்தில் அவர் ஒரு பேச்சை முழுசாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இனி என்ன? பேசாமல் இருந்துவிடலாம். அசிஸ்டென்ட் மேனேஜர் இன்டர்வியூ அந்த வாரம்தான். யூனுஸ் சொன்னதைக் கேட்ட வேறு ஆள் கிடையாது, மனைவியைத் தவிர. மனைவி கம்பெனிக்கு வரப்போவதில்லை. விடிய விடியத் தூங்கவில்லை அவர், விடிந்ததும் தாளை எடுத்து வைத்துக்கொண்டு தோதான சொல் ஒன்று கிடைக்குமா என்று மேலிருந்து கீழே தேடினார். 'மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்' இருந்தது. 'பெர்செப்ஷன்' இருந்தது. 'ஓவர்சைட்' என்று ஒன்று இருந்தது, பார்க்கத் தவறியதற்கே ஏதோ உயரத்திலிருந்து பார்த்ததைப் போன்ற பெயர். அறுபது சொல்லையும் இரண்டு தடவை துழாவிவிட்டார். 'தப்பு என்னுது' என்பதற்கு மட்டும் அதில் ஒன்றுமே இல்லை.

ஒர்க்ஸ் மேனேஜர் அறையில் அன்று பெங்களூர் ட்ரெய்னரும் இருந்தார். சீனிவாசலு உள்ளே போய் நின்றார்.

"சார், தேர் வாஸ் எ..." என்று ஆரம்பித்தார். அங்கேயே நின்றது. பிறகு, ஊர்ப் பேச்சிலேயே சொன்னார்.

"பாய் சொன்னாருங்க சார். என்ற மூஞ்சிக்கு நேரா நின்னு சொன்னாரு. நான் தலையாட்டிக்கிட்டே இருந்தேன், காதுல வாங்கல. சுப்பாத்தாள அந்த மிஷின்ல உக்கார வெச்சதும் நாந்தானுங்க. அந்தம்மா பழக்கமில்லைன்னு சொல்லியும் வெச்சேன். மெமோவ என்ற பேருக்கு மாத்திக் குடுத்துருங்க."

வரதராஜுலு பேனாவைக் கீழே வைத்தார். "இத நேத்தே சொல்லறதுக்கென்னய்யா?"

"நேத்து எனக்கே தெரியாதுங்க சார். ஊட்டுல சொல்லித்தான் தெரிஞ்சுது."

ட்ரெய்னருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. நாற்காலியைவிட்டு எழுந்து, "பியூட்டிஃபுல்! திஸ் இஸ் அக்கவுண்டபிலிட்டி!" என்று கை குலுக்கினார். அடுத்த வகுப்பில் இதையே உதாரணமாகச் சொல்லப்போவதாகவும் சொன்னார். வரதராஜுலு ட்ரெய்னரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சீனிவாசலுவை ஒரு பார்வை பார்த்தார். "அறுபத்து நாலு மோட்டாரு" என்று மட்டும் சொன்னார். அசிஸ்டென்ட் மேனேஜர் நாற்காலி ஸ்டோர்ஸிலிருந்த ஒருவருக்குப் போனது. மெமோ சீனிவாசலு பேருக்கு மாறியது. புதுக் கவுண்டர் மாட்ட அரை மணி நேரம் ஆயிற்று.

யூனுஸுக்குச் சேதி சொல்ல ஆளனுப்பியிருக்கலாம். சீனிவாசலு தாமே டிவிஎஸ் ஃபிஃப்டியில் உக்கடம் சுற்றிக் கோட்டைமேட்டுக்குப் போனார். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனார். சந்துக்குள் வண்டியை நிறுத்தியபோது ஒன்றும் ஞாபகமில்லை. யூனுஸின் மனைவி சாஜிதா பேகம் கதவைத் திறந்து, யாரென்று தெரிந்ததும் உள்ளே போனாள். யூனுஸ் வந்தார். நாற்காலி போட்டார்.

"பாய், நீங்க சொன்னீங்க. நாந்தான் கேக்கல. மேனேஜர்கிட்டச் சொல்லிட்டேன். மெமோ உங்களுக்கில்ல, எனக்குத்தான்."

உள்ளேயிருந்து டீ வந்தது. டம்ளர் 'ணங்' என்று வைக்கப்பட்டது. நியாயம்தானே.

"குடிங்க சார், ஆறிரும்" என்றார் யூனுஸ். அவர் குடித்து முடிக்கிற வரை காத்திருந்தார். "நேத்து ராத்திரி பூரா இவ என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தா. நெஜமாவே சொன்னீங்களா, மறந்துபோட்டீங்களான்னு. விடியறப்ப எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க சார். அதுதான் பொறுக்கலீங்க."

சீனிவாசலுவிடம் இதற்குச் சொல் இல்லை. தேடவும் இல்லை.

"நாளைக்கு வேலைக்கு வாரேனுங்க" என்றார் யூனுஸ். "ஒண்ணே ஒண்ணு சார். இனிமே நான் ஏதாச்சும் வந்து சொன்னா, என்ற கண்ணப் பாக்காதீங்க. மிசினப் பாருங்க."

பன்னிரண்டு நாள் ஆயிற்று அறுபத்து நாலு மோட்டாரையும் அறுத்துக் கட்ட. ஷிஃப்ட் முடிந்ததும் சீனிவாசலு கையில் துணியைச் சுற்றிக்கொண்டு யூனுஸுக்கும் சுப்பாத்தாளுக்கும் நடுவில் உட்கார்ந்து பழைய கம்பியைப் பிடுங்கினார். அந்த அம்மாள் முதல் நான்கு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், "கைய வெட்டிக்காதீங் சார், சித்தெ தள்ளிப் புடிங்க" என்றாள். அவர் தள்ளிப் பிடித்தார். தாராபுரத்துக்கு லாரி போனபோது வாழை பாதி காய்ந்திருந்தது என்று பிறகு கேள்விப்பட்டார்.

சரி, வியாதி குணமாகிவிட்டதா என்கிறீர்களா? எங்கே! ட்ரெய்னர் கொடுத்துவிட்டுப் போன 'அக்கவுண்டபிலிட்டி' இருக்கிறதே, அது ஆறு மாதம் அவரைப் படுத்தியது. கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும், தாம் எப்படிக் கேட்காமல் போனார், பிறகு எப்படி ஒத்துக்கொண்டார் என்பதை இரண்டு குரலிலும் நடித்துக் காட்டுவார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, அடுக்களைக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த வெங்கடலட்சுமி வாசலிலிருந்து மூன்று தடவை குரல் கொடுத்தாள். மூன்று தடவையும் அவர் "சரி லட்சுமி" என்று பதில் சொன்னார். நானும் தலையாட்டினேன். அவள் சொன்னது, "அடுப்புல பாலு, சித்தெ எறக்குங்க" என்பதாம். பிறகு வாசனைதான் எங்களுக்குச் சொன்னது.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். சீனிவாசலுவைப் பார்த்து இவ்வளவு நேரம் நன்றாகச் சிரித்தீர்கள், அங்கங்கே பாவப்பட்டீர்கள், இந்த மாதிரி ஆள் ஒருவரை உங்கள் ஆபீசிலேயே அடையாளமும் கண்டுவிட்டீர்கள். எல்லாம் சரி. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் உங்கள் வீட்டில் யாரோ வந்து ஏதோ சொன்னார்களே, நீங்களும் கதையிலிருந்து கண்ணெடுக்காமல் 'ம்' என்றீர்களே.

என்ன சொன்னார்கள்?